தேரும் தெருவும்

மாந்தன் பணம் கொடுத்து வாங்கும் பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். வாங்கியவருடைய வீட்டு வாயிலுக்கு உள்ளேயே தங்கிவிடும் பொருள்கள் ஒருவகை. வாயிலைத் தாண்டி ஊரார் நடமாடும் இடத்திற்குச் செல்லும் பொருள்கள் மற்றொரு வகை. கூடத்தில் போடும் சாய்விருக்கை தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அதனால் இடையூறு அடைபவர் அவ்வீட்டாரே. கைக்கடிகாரம் பத்தாயிரம் வெள்ளி பெறுமானம் உடையதாயினும், அதைக் கட்டியவரின் கைக்கு அப்பால் அதனால் எவர்க்கும் ஊறு இல்லை. மகிழுந்து அத்தகையதன்று. வாங்கப்பட்ட நாளிலேயே அது தெருவுக்கு வந்துவிடுகிறது. அதன் நீளமும் அகலமும் உயரமும் எடையும், அதில் ஒருநாளும் அமர்ந்திராத ஆயிரக்கணக்கான மக்களோடு தொடர்பு கொள்கின்றன. ஆகவே, எந்த மகிழுந்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வியைப் பணம் உடையவரின் சொந்த விருப்பம் என்று ஒதுக்கிவிட இயலாது. அறநூல் தலையிடுவதற்கும் அதில் இடம் உண்டு.

ஏழைக்கு இக்கேள்வி எழுவதில்லை. கையிருப்பே அவருக்காக முடிவு செய்துவிடுகிறது. மூன்று லட்சம், நான்கு லட்சம் வெள்ளியை ஒரு மகிழுந்துக்குச் செலவிட இயன்ற நிலையை ஒருவர் அடைந்த பிறகே, சொகுசான பெரிய செடான் வகையா, எஸ்.யு.வி. என்று மூன்றெழுத்தால் வழங்கும் உயர்ந்த உடலமைப்புடைய வகையா, அல்லது இவ்விரண்டுமே வேண்டாவா என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. வாய்ப்பு வந்துவிட்ட இடத்தில் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

இப்பொருள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆடம்பரத்தைக் கண்டிக்கத் தொடங்கி, கண்டித்து முடிப்பர். அக்கண்டனம் எளிது, அதனால் திருந்தியவர் மிகச் சிலர். தார்ஸ்டீன் வெப்லன் என்னும் அமெரிக்க அறிஞர், செல்வர் பொருள்களை வாங்குவது பயன்படுத்துவதற்காக மட்டுமன்றிப் பிறர் காண்பதற்காகவும்தான் என்று 1899-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவிட்டார். அதன் பிறகும் உலகில் ஆடம்பர மகிழுந்துகள் பெருகினவே ஒழியக் குறையவில்லை. பெருமையை விரும்புவது மாந்த இயல்பு. அதைப் பழித்துப் பேசுவதால் இயல்பு மாறிவிடுவதில்லை.

மேலும், மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை பெரிய ஊர்தியின்மேல் உள்ள விருப்பத்திற்கு ஒரு வரலாறு உண்டு. ரப்பர்த் தோட்டங்களின் செம்மண் பாதையில் துரையின் லேண்ட் ரோவர் வரும்போது, காண்டாவில் பால்வாளி சுமந்து சென்றவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மழைக்காலமாயின் சேறும், வெயிற்காலமாயின் புழுதியும் அவர்கள்மேல் படிந்தன. அவ்வாறு ஒதுங்கி நின்றவரின் பேரன் இன்று மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ குத்தகையாளராகவோ உயர்ந்து, உயரமான ஓர் ஊர்தியை வாங்கி, தன் பாட்டியை முன்னிருக்கையில் அமர்த்திக் கோயிலுக்கு அழைத்துச் சென்றால், அதை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுவது அறிவுடைமையாகாது. அந்தப் பாட்டிக்கு அந்த இருக்கையின் உயரம் என்ன பொருள் தருகிறது என்பதை வெப்லனின் நூல் சொல்லாது. ஆயினும் அதே வரலாறு வேறொரு கேள்வியையும் கேட்கிறது: அன்று ஒதுங்கி நின்றவரின் பேரன் வருவதைக் கண்டு இன்று சாலையோரம் ஒதுங்குபவர் யார்?

இவ்வகை ஊர்தியின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. லேண்ட் ரோவர் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அது வயலுக்கும் மலைப்பாதைக்கும் உரிய உழைப்பாளி ஊர்தி. அதே நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் ரேஞ்ச் ரோவரை வெளியிட்டபோதும், சேறு படிந்த உட்புறத்தை நீர்க்குழாய் கொண்டு கழுவிவிடலாம் என்னும் அளவுக்கு எளிய இருக்கைகளையே அதில் அமைத்தது. இன்று அதன் வழித்தோன்றலின் உட்புறத்தில் நீரைப் பீய்ச்சினால் உரிமையாளர் மயங்கி விழுவார். 1999-இல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, 2002-இல் போர்ஷ கயேன், 2018-இல் ரோல்ஸ் ராய்ஸ் கல்லினன் என்று, விரைவோட்டத்திற்கும் சொகுசுக்கும் பேர்பெற்ற நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வகைக்கு வந்து சேர்ந்தன. வயலுக்காகப் பிறந்த உடலமைப்பு நகரத் தெருவுக்கு வந்துவிட்டது. அவற்றை வாங்குவோரில் பெரும்பாலார் தார்ச்சாலையை விட்டு இறங்குவதே இல்லை. ஆறு கடப்பதற்கு வேண்டிய உயரம், பேரங்காடியின் நிறுத்துமிடத்திற்கு எதற்கு?

இவ்வினாவை வாங்குவோரிடம் கேட்டால், அவர்கள் பெருமை என்று விடை கூறமாட்டார்கள். குடும்பத்தின் பாதுகாப்பு என்பார்கள். இந்த விடையை ஏளனம் செய்வதற்கில்லை. தன் மனைவி மக்களைத் தன் ஆற்றலுக்கு எட்டிய வகையிலெல்லாம் காப்பது ஒருவனின் கடமை. வசதி இருந்தும், உறுதி குறைந்த ஊர்தியில் பிள்ளைகளை ஏற்றிச் சென்று, விபத்தில் ஒரு பிள்ளையை இழந்த தந்தைக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? தீபாவளிக்கு ஏழு பேராக ஊர் திரும்பும் குடும்பமும், சக்கர நாற்காலியில் இருக்கும் தாயை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனும் பெரிய ஊர்தியைத் தேடுவது தேவையே. அங்கே ஆடம்பரம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆகவே, பெரிய மகிழுந்துக்குச் சார்பான வாதங்களுள் மிக வலியது அன்பிலிருந்து எழும் வாதம். அறத்தின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தீய எண்ணத்திலிருந்து எழும் செயலைக் கண்டிக்க ஆராய்ச்சி வேண்டுவதில்லை. நல்லெண்ணத்திலிருந்து எழும் செயல் பிறருக்குத் தீங்காக முடியுமா என்பதையே ஆராய வேண்டும்.

இங்கு இடைநிலைப்பள்ளி இயற்பியல் பாடம் உதவும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக வரும் இரு மகிழுந்துகள் மோதி, ஒன்றோடொன்று சிக்கி நகர்வதாகக் கொள்க. இரண்டும் 1,600 கிலோ எடையுடையனவாயின், இரண்டும் மோதிய இடத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொன்றின் வேகமும் கணப்பொழுதில் 60 அளவு மாறுகிறது. இனி, ஒன்று 2,400 கிலோ எடையுள்ள சொகுசு எஸ்.யு.வி., மற்றது 800 கிலோ எடையுள்ள சிறிய மகிழுந்து எனக் கொள்க. உந்தம் அழியாது என்னும் விதிப்படி, மோதிய பின் இரண்டும் பெரிய ஊர்தி சென்ற திசையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரியதன் வேகம் 60-இலிருந்து 30-க்குக் குறைகிறது, மாற்றம் 30. சிறியதோ முன்னோக்கி 60 வேகத்தில் சென்றது, பின்னோக்கி 30 வேகத்தில் தள்ளப்படுகிறது, மாற்றம் 90. உள்ளே இருப்பவரின் உடலைச் சிதைப்பது இந்த மாற்றமே.

இக்கணக்கை மாணவர்கள் கரும்பலகையில் செய்து பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் மோதலில் இரு மாற்றங்களின் கூட்டுத்தொகை 120. இரண்டாம் மோதலிலும் 30-ம் 90-ம் சேர்ந்து அதே 120. எடையை எப்படி மாற்றினாலும் தொகை மாறுவதில்லை. பங்கீடு மட்டுமே மாறுகிறது. பெரிய ஊர்தியில் இருந்தவர்கள் 30 அளவு தப்பினார்கள் என்றால், அந்த 30 எங்கும் மறைந்துவிடவில்லை. அது எதிரே வந்த சிறிய மகிழுந்தில் இருந்தவர்களின் தலையில் ஏறியது. அதிலும், வேகமாற்றம் கூடக்கூட உயிரிழப்பின் வாய்ப்பு சீராக ஏறாமல் செங்குத்தாக ஏறும் என்பதால், இந்தப் பங்கீடு இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போதும் நட்டமாகவே முடியும். மைக்கேல் ஆண்டர்சன், மேக்சிமிலியன் ஆஃப்ஹாம்மர் என்னும் இரு கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மோதும் ஊர்தி 1,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிலோ, கூடுதல் எடையுடையதாக இருந்தால், மோதப்படும் ஊர்தியில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பு 47 விழுக்காடு கூடுகிறது.

பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறிய மகிழுந்தும் உண்டே என்று கேட்கலாம். உண்மை; 2017-இல் பெரோடுவா மைவி ஆசியான் மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் பெற்றது பெருமைக்குரியதே. ஆனால் அச்சோதனையில் ஊர்தி மோதுவது அசையாத தடுப்பின்மீது. அது ஏறத்தாழ தன்னை ஒத்த எடையுடைய மற்றோர் ஊர்தியோடு மோதுவதற்கு நிகர். தன்னைவிட மும்மடங்கு எடையுள்ள ஒன்று எதிரே வரும்போது, நட்சத்திரங்கள் அதே ஒளியைத் தருவதில்லை.

ஆகவே, பாதுகாப்பு என்னும் ஒரே சொல்லால் வழங்கப்படும் இருவேறு பொருள்கள் உள்ளன. ஒன்று, எவருடைய பங்கையும் குறைக்காமல் கிடைக்கும் பாதுகாப்பு. மற்றொன்று, தன் பங்கிலுள்ள ஆபத்தைப் பிறர் பங்குக்கு மாற்றிவிடுவதால் கிடைக்கும் பாதுகாப்பு. முதலாவதற்கு இருக்கை வாரைவிடச் சிறந்த சான்று இல்லை. வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனைகளில் பிணைக்கும் இருக்கை வாரை 1959-இல் உருவாக்கினார். அந்நிறுவனம் அதன் காப்புரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல், பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. மலேசியாவில் முன்னிருக்கையில் வார் அணிவது 1979-இலும், பின்னிருக்கையில் அணிவது 2009-இலும் கட்டாயமாயின. ஒருவர் வார் அணிவதால் எதிரே வருபவருக்கு ஒரு மயிரிழையும் கூடுதல் ஆபத்து இல்லை. எல்லாரும் அணிந்தால் எல்லாருக்கும் நன்மை. அதே வோல்வோ 2002-இல் எக்ஸ்சி90 என்னும் கனத்த எஸ்.யு.வி.யை வெளியிட்டு, அதையும் பாதுகாப்பின் பெயராலேயே விற்றது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. ஒரே வாயிலிலிருந்து இருவகைப் பாதுகாப்பும் வெளிவரலாம். வாங்குபவரே பிரித்தறிய வேண்டும்.

செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1785-இல் எழுதிய அறநூலில் ஓர் உரைகல்லை வைத்தார். ஒருவன் தான் செய்ய எண்ணும் செயலின் நெறியை எல்லாரும் பின்பற்றும் பொதுவிதியாக விரும்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எடையால் கிடைக்கும் பாதுகாப்பை இந்த உரைகல்லில் உரைத்தால் அதன் மாற்றுக் குறைவு உடனே தெரிந்துவிடும். எல்லாரும் 2,400 கிலோ ஊர்தியை வாங்கிவிட்டால், மோதலின் பங்கீடு மீண்டும் 60-க்கு 60 ஆகிறது. முதலில் வாங்கியவர் பெற்ற நன்மை மறைகிறது. அவர் மறுபடியும் பாதுகாப்பு வேண்டுமாயின் 3,000 கிலோவைத் தேட வேண்டும். உயரமான இருக்கையிலிருந்து சாலை நன்றாகத் தெரிகிறது என்னும் வாதமும் இப்படியே. முன்னால் செல்பவை யாவும் தாழ்ந்திருக்கும் வரைதான் அது தெரியும். இத்தகைய நன்மை பிறர் பெறாதிருக்கும் வரையில்தான் நன்மை. இதைப் பொருளியல் நோக்கில் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976-இல் விளக்கியிருக்கிறார். தமிழாசிரியருக்கு அந்நூல் வேண்டுவதில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் முன்வரிசைப் பெற்றோர் எழுந்து நின்றால் பின்வரிசையினர் என்ன செய்வர் என்பதை ஆண்டுதோறும் திடலில் காணலாம்.

இனி, மோட்டார் சைக்கிளில் செல்வோரைப் பற்றி. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் மாள்கின்றனர். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றவர்களும் ஆவர். தொழிற்சாலையின் இரவுப் பணி முடிந்து திரும்பும் இளைஞரும், உணவுப் பொட்டலம் கொண்டு செல்பவரும், மழையில் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி நிற்பவரும் இவர்களே. 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப்பாதை அமைத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். நேர்மையாகச் சொன்னால், இவர்களைப் பொறுத்தவரை ஊர்தியின் எடை அவ்வளவு பெரிய வேறுபாடன்று. 800 கிலோ மகிழுந்தே அவர்களை வீழ்த்தப் போதுமானது. அவர்களுக்கு வேண்டியவை, தம்மைக் காணும் கண்ணும் நேரத்தில் நிற்கும் பிரேக்கும். பெரிய ஊர்தியின் குறை அங்கே வேறு வடிவில் வருகிறது. தடித்த தூண்களும் உயர்ந்த முன்மூடியும் ஓட்டுபவரின் பார்வைக்குத் திரையிடுகின்றன.

முன்மூடியின் உயரம் சிறுவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த ஊர்திகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிவான முகப்பும் கொண்ட ஊர்திகளைவிட, நடந்து செல்வோர்மீது மோதும்போது உயிரைப் பறிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. 40 அங்குலம் என்பது ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். முதலாம் ஆண்டு மாணவனின் மோவாய் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். பாலர் பள்ளிக் குழந்தையின் தலையுச்சியோ அதைச் சிறிதளவே தாண்டும். தாழ்ந்த முகப்பு காலில் மோதும். உயர்ந்த முகப்பு மார்பிலும் தலையிலும் மோதும். பிற்பகல் ஒரு மணிக்குத் தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் வரிசையாக நிற்கும் ஊர்திகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தன் பிள்ளையைக் காப்பதற்காகவே உயர்ந்த ஊர்தியை வாங்கிய தந்தை, தன் முன்மூடிக்கு அப்பால் புத்தகப் பையோடு கடந்து செல்லும் பிறர் பிள்ளையைக் காண முடியாமல் அமர்ந்திருக்கிறார்.

தேர் என்றவுடன் தமிழாசிரியர்க்கு முல்லைக்குத் தேர் ஈந்த பாரி நினைவுக்கு வருவான். இங்கு வேண்டியது வேறொரு தேர். மனுநீதிச் சோழனின் வரலாற்றைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் தன் நாட்டின் பெருமையாகச் சொல்கிறாள். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதை விரித்துப் பாடுகிறார். வகுப்பறையில் அது மன்னனின் நடுவுநிலைமைக்குச் சான்றாகவே கற்பிக்கப்படுகிறது. இளவரசன் பக்கத்திலிருந்து அக்கதையைப் பார்ப்பவர் குறைவு. அவன் கன்றைக் கொல்ல எண்ணினானல்லன். தேரில் உலா வருவது அரச குமாரனுக்கு உரிய வழக்கம். கன்று தானாகத் துள்ளி வந்து சக்கரத்தில் புகுந்தது. இன்றைய நீதிமன்றத்தில் அவன் வழக்கறிஞர் இவை அனைத்தையும் எடுத்துரைப்பார். ஒருவேளை விடுதலையும் பெற்றுத்தருவார். அமைச்சர்களும் அன்று ஏறத்தாழ அதையே செய்தார்கள். நூல்கள் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்றார்கள். அந்தக் கழுவாய் கன்றை இழந்த பசுவின் துயரத்தைத் தீர்க்குமா என்று மன்னன் கேட்டான்.

அவன் பின்னர் எடுத்த முடிவை இன்று எவரும் எவர்க்கும் பரிந்துரைக்கமாட்டார். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு இன்றும் விடை இல்லை. இக்காலத்தின் கழுவாய் காப்புறுதி. மூன்றாம் தரப்பினர்க்கான காப்புறுதியின்றி மலேசியச் சாலையில் எந்த ஊர்தியும் செல்லலாகாது என்பது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அது இழப்பீடு கொடுக்கும். மருத்துவச் செலவைக் கட்டும். கதையில் இறையருளால் கன்றும் இளவரசனும் உயிர்பெற்றார்கள். சாலையில் அது நிகழ்வதில்லை. நிகழாது என்று அறிந்திருப்பதால்தான், கேள்வியை விபத்துக்குப் பிறகு கேட்பதை விட்டு, தேரைத் தேர்ந்தெடுக்கும் போதே கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. சாலையில் இருபது டன் லாரி செல்கிறதே, அதைவிடவா என்பது ஒன்று. லாரி மணலும் அரிசியும் இரும்பும் சுமக்கிறது. அதன் எடைக்குக் காரணம் உண்டு. அதை ஓட்டுபவர் தனிப்பயிற்சியும் தனி உரிமமும் பெற வேண்டும். மகிழுந்துக்கோ 3,500 கிலோ வரை அதே 'டி' வகை உரிமம்தான். கான்சில் மகிழுந்தில் ஓட்டிப் பழகித் தேர்வில் தேறிய இளைஞன், மறுநாளே அதைப்போல் மும்மடங்குக்கு மேல் எடையுள்ள ஊர்தியை நெடுஞ்சாலைக்குக் கொண்டு வரலாம். சட்டம் அதில் வேறுபாடு காண்பதில்லை. கவனமாக ஓட்டுவேன் என்பது மற்றொன்று. கவனமாக ஓட்டுவோர் பலர் இருக்கிறார்கள். அவர்களும் களைப்படைகிறார்கள், அவர்களும் முன்மூடிக்கு அப்பால் இருப்பதைக் காண இயலாதவர்களே. என் ஒருவனின் ஊர்தியால் என்ன கூடிவிடப் போகிறது என்பது மூன்றாவது. சிறிய மகிழுந்தில் எதிரே வருபவர் மோதப்போவது சராசரியோடு அன்று. ஏதேனும் ஓர் ஊர்தியோடுதான்.

கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் வாரி வழங்குகிறேனே என்று கூறுவோரும் உண்டு. கொடை போற்றுதற்குரியது, பல பள்ளிகளில் கணினிக் கூடங்கள் அப்படித்தான் எழுந்தன. எனினும், வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்திருப்பதை ஆசிரியர்கள் அறிவர். தன்னிடம் உள்ளதைக் கொடுப்பது ஒன்று. தன்னோடு உலகில் வாழ்பவரை அறிந்து, அவரோடு பொருந்தி நடப்பது மற்றொன்று. முன்னதைச் செய்தவர் பின்னதிலிருந்து விலக்குப் பெற்றவராகார்.

அரசுகள் தத்தம் வழியில் இச்சிக்கலை அணுகியுள்ளன. சிங்கப்பூர் 1990-ஆம் ஆண்டு முதல் மகிழுந்து வாங்குவதற்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் விடுகிறது. பெரிய மகிழுந்துகளுக்கான பிரிவில் அதன் விலை 2023 அக்டோபரில் 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. ஊர்திகளின் எண்ணிக்கையை அது கட்டுப்படுத்துகிறது. அளவை அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. சான்றிதழுக்கே அவ்வளவு கொடுத்தவருக்கு, இன்னும் சிறிது கொடுத்துப் பெரியதையே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பாரிஸ் மாநகரம் 2024 பிப்ரவரியில் மக்களிடமே கேட்டது. கனத்த ஊர்திகளுக்கு நிறுத்துமிடக் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா என்னும் வாக்கெடுப்பில் 54.6 விழுக்காட்டினர் ஆம் என்றனர். வாக்களிக்க வந்தவர்களோ நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. மலேசியாவில் பெட்ரோல் மகிழுந்தின் சாலைவரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்ததேயன்றி எடையைப் பொறுத்ததன்று. ஆகவே இந்நாட்டில் இக்கேள்வி இன்னும் சட்டத்திடம் செல்லவில்லை. வாங்குபவரின் மனத்திடமே நிற்கிறது.

அவர் என்ன செய்யலாம்? பெரிய ஊர்தியே கூடாது என்பது முறையன்று. தேவை உடையவர் தேவைக்கு ஏற்ப வாங்குவதை எந்த அறமும் தடுக்காது. தேவையை நிறைவேற்றும் பல வழிகளில் பிறர்க்கு ஊறு குறைந்ததைத் தேடலாம். ஏழு பேர் அமர வேண்டுமாயின், முகப்பு உயர்ந்த எஸ்.யு.வி.யைவிட, முகப்புக் குறுகிச் சரிந்த பல்பயன் வேன் அதே வேலையைச் செய்யும். சக்கர நாற்காலியில் வரும் தாய்க்கும் அதன் தாழ்ந்த தளமும் பக்கவாட்டில் நகரும் கதவும் வசதியானவை. சொகுசுதான் வேண்டுமென்றால், பெரிய செடானில் அது குறைவாகக் கிடைப்பதில்லை. அதன் முன்மூடி தாழ்வானது. மின்கலத்தால் இயங்குவதாயின் புகை இல்லை என்பது உண்மையே, ஆனால் மின்கலமே சில நூறு கிலோ கனக்கும். எடைக்கணக்கை அது மாற்றுவதில்லை. நடப்பவரையும் மோட்டார் சைக்கிளையும் கண்டு தானாக நிற்கும் பிரேக்கும், பார்வைக்கு எட்டாத பக்கவாட்டை எச்சரிக்கும் கருவியும் உள்ள வகையை, பொன்னிறத் தையலிட்ட தோலிருக்கைக்கு முன்னதாகக் கேட்டுப் பெறலாம். இவை இருக்கை வாரைப் போல், எவர் பங்கையும் குறைக்காத பாதுகாப்பைச் சேர்ந்தவை.

காட்சிக்கூடங்களில் நடைபெறும் உரையாடலைக் கவனித்தால், ஒலிபெருக்கிகள் எத்தனை, கூரைக் கண்ணாடி திறக்குமா, மாதத் தவணை எவ்வளவு என்பனவே கேட்கப்படுகின்றன. ஆசியான் பாதுகாப்பு மதிப்பீட்டில் 2021-இல் தொடங்கிய முறை, நூறு பங்கில் இருபதை மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. பெரியவர், குழந்தை, துணைக்கருவி என்பவற்றோடு அதற்கும் தனியே மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பவருக்கு, விற்பனையாளர் சற்றுத் தேடியாவது அதை எடுத்துக் காட்டுவார்.